60 பவுண்டுக்கு விற்கும் குடும்பச் சின்னத்தை வாங்கலாமா?

கேள்வி: என் கணவர் இங்கிலாந்துக்காரர். லீட்ஸ் பக்கம் சொந்த ஊர், குடும்பப் பெயர் வாக்கர். மகளைப் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். ஓர் இணையக் கடையில் வாக்கர் குடும்பத்தின் வரலாற்றையும் சின்னத்தையும் சட்டம் போட்டு 60 பவுண்டுக்குத் தருகிறார்கள். 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த குடும்பம் என்று அதில் போட்டிருக்கிறது. வாங்கலாமா? இல்லையென்றால் நாங்களே எப்படித் தேடுவது?

பதில்: வாங்காதீர்கள். இதே கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பணத்தைக் கட்டிய பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் முன்பே கேட்டது நல்லதாகப் போயிற்று.

இங்கிலாந்தில் ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையவே கிடையாது. கேடயமும் சிங்கமும் போட்ட சின்னம் ஒரு தனி மனிதருக்குக் கொடுக்கப்படுவது. அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு இறங்கும், அவ்வளவுதான். அதைக் கொடுக்கிற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் 1484 முதல் லண்டனில் இருக்கிறது. எப்போதோ ஒரு வாக்கர் வாங்கிய சின்னத்தை நாட்டிலுள்ள அத்தனை வாக்கர்களுக்கும் அச்சடித்து விற்பதுதான் இந்த வியாபாரம்.

நார்மண்டிக் கதையும் நிற்காது. வாக்கர் பழைய ஆங்கிலச் சொல்; நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் பேசியது பிரெஞ்சு. தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், இழைகளும் இடைவெளி விட்டிருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் ஒரு வகைக் களிமண்ணும் நாள்பட்ட சிறுநீரும் ஊற்றி, பாவாடையையோ காற்சட்டையையோ தூக்கிக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மிதிப்பார்கள். பிசுக்குப் போய்த் துணி சுருங்கி இறுகும். அப்படி மிதித்தவர்தான் வாக்கர். இதே தொழில்காரருக்குத் தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர் என்று பெயர், தென்மேற்கில் டக்கர். ஆகவே உங்கள் கணவருடைய பெயரில் வடக்கத்தி வாடை இருக்கிறது என்பது வரை சொல்லலாம். கம்பளி நெய்த ஊரிலெல்லாம் துணி மிதிக்க ஆள் இருந்தார். அதனால் லீட்ஸில் அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இரண்டு வாக்கர்களும் உறவாக இருக்க வேண்டியதில்லை. பெயரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் மாமனாரிடம். அவருடைய பெற்றோரின் கல்யாணச் சான்றிதழை வாங்குங்கள். மணமகன், மணமகள் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் அதில் இருக்கும். ஒரே காகிதத்தில் ஒரு தலைமுறை பின்னால் போய்விடலாம். இங்கிலாந்தில் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றுக்கும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் ஜெனரல் ரிஜிஸ்டர் ஆபீஸின் அரசுத் தளத்தில் பிறப்பு அட்டவணையை இலவசமாகப் பார்க்கலாம். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் உண்டு. ஒரே ஊரில் ஒன்பது ஜான் வாக்கர்கள் இருந்தாலும் நம் ஆளைப் பிரித்தெடுக்க அது உதவும். சான்றிதழ் நகலையும் அங்கேயே நேராகக் கேளுங்கள். அரசுத் தளம் மாதிரியே வண்ணம் பூசிக்கொண்டு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கட்டணம் வாங்கும் இடைத்தரகர்கள் தேடுபொறியில் முதலில் வந்து நிற்பார்கள். அவர்களும் அதே அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பம் போடுகிறார்கள்.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1921-இலிருந்து பத்துப் பத்து வருடமாக 1851 வரை பின்னால் போங்கள். 1851-இல் பிறந்த ஊர் எழுதியிருப்பார்கள். 1841-இல் அது இல்லை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே பிறந்தவரா இல்லையா என்பது மட்டும்தான். பெரியவர்களின் வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊர் கிடைத்தால் அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. 1538 முதல் எழுதச் சொல்லி உத்தரவு இருந்தது, ஆனால் எல்லா ஊரிலும் ஏடு தப்பவில்லை.

இங்கே எனக்குத் தீராத ஆத்திரம் ஒன்று உண்டு. மக்கள் பணத்தில் எடுத்த கணக்கெடுப்பு இது. 1921-ஆம் வருடத்தாளை நூறு வருடம் பூட்டி வைத்துவிட்டு, 2022-இல் திறந்தபோது தனியார் தளம் ஒன்றின் கையில் கொடுத்தார்கள். தொடக்கத்தில் வீட்டிலிருந்து பார்க்க ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு வாங்கினார்கள். கணக்கெடுப்பு ஒரு தளம், தேவாலயப் பதிவேடு இன்னொரு தளம், உயில் மூன்றாவது இடம் என்று சிதறிக் கிடப்பதால் சாதாரணக் குடும்பம் எங்கே போகும்? வருடச் சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்களில் இந்தத் தளங்களை இலவசமாகத் திறந்து தருகிறார்கள். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளம் எப்போதுமே இலவசம்.

இன்னொரு பொறி, இணையத்தில் யாரோ போட்டு வைத்திருக்கும் குடும்ப மரங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் பத்துத் தலைமுறை வந்து ஒட்டிக்கொள்ளும். தாய் இறந்து இரண்டு வருடம் கழித்துக் குழந்தை பிறந்ததாகக் காட்டும் மரத்தைப் பார்த்திருக்கிறேன்; அதை நாற்பது பேர் அப்படியே நகல் எடுத்திருந்தார்கள். பதிவேட்டின் படத்தைக் கண்ணால் பார்க்காத எதையும் மகளின் நோட்டில் ஏற்றாதீர்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால், பெரும்பாலும் தாய்க்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை என்று பொருள். அந்தக் குழந்தை தாயின் குடும்பப் பெயரில்தான் பதிவாகியிருக்கும். அப்படியானால் வாக்கர் என்ற பெயர் தாய்வழியில் வந்தது. தகப்பன் வழி வேறு பெயர். சில வருடம் கழித்துத் தாய் கல்யாணம் செய்துகொண்டால், கணக்கெடுப்பில் அதே பிள்ளை மாற்றாந்தகப்பன் பெயரில் இருப்பான். வளர்ந்து தன் கல்யாணத்தில் தாத்தாவின் பெயரைத் தகப்பன் பெயராகச் சொல்லியும் இருப்பான். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவரை எந்தப் பெயரை வைத்துக்கொண்டாலும் இங்கிலாந்துச் சட்டம் தடுக்காது. ஆகவே ஒரு பிள்ளை திடீரென்று பதிவேட்டிலிருந்து மறைந்தால் வாக்கர் பெயரிலேயே தேடிக்கொண்டிருக்காதீர்கள். தாயின் கல்யாணத்தைத் தேடுங்கள், அந்தப் புதுப் பெயரில் அவனைத் தேடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மாமனாரிடமும் பக்குவமாகச் சொல்லி வையுங்கள். பழைய குடும்பங்களில் இதை மறைத்து மறைத்தே பாதி வரலாறு போயிற்று.

பள்ளிக் கட்டுரைக்கு நான்கு தலைமுறை தாராளம். இந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போகும்போது மகளைக் கூட்டிப்போய், அவருடைய பெற்றோர் எந்தத் தேவாலயத்தில் கல்யாணம் செய்தார்கள், எந்த வருடம் என்று அவளையே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.