கிரிக்கெட்டில் அம்பயர் முடிவை வீடியோவில் மறுபடி பார்க்கும் டிஆர்எஸ் நிலைத்துவிட்டது. கால்பந்தில் அதே வேலையைச் செய்யும் விஏஆர் (வீடியோ உதவி நடுவர்) மீது மட்டும் ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

தப்பான முடிவுகளால்தான் கோபம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, விஏஆருக்கு முன் 82 சதவீதமாக இருந்த சரியான முடிவுகள் அதற்குப் பிறகு 96 சதவீதமாகிவிட்டன. லீக் தன் பிள்ளைக்குத் தானே மதிப்பெண் போட்டிருக்கிறது என்று கழித்துக்கொண்டாலும் தவறுகள் குறைந்தது நிஜம். அப்படியும் ஸ்டேடியத்தில் ‘இது கால்பந்தே இல்லை’ என்று பாடுகிறார்கள். சண்டை முடிவோடு இல்லை, அந்த முடிவு வந்து சேரும் விதத்தோடு. அதனால் முதலில் விஏஆர் அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிரீமியர் லீகின் விஏஆர் அறை, லண்டனுக்கு மேற்கே ஹீத்ரோ விமான நிலையத்தின் பக்கத்தில் ஸ்டாக்லி பார்க்கில் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வீடியோ நடுவர் (இவரையும் விஏஆர் என்றே சொல்வார்கள்), அவருக்கு ஓர் உதவியாளர், ரீப்ளே எடுத்துக் கொடுக்கும் ஆபரேட்டர். ஒரு திரையில் நேரலை ஓடும். இன்னொன்றில் அதே காட்சி சில விநாடி தாமதமாக ஓடும். ‘இப்போ என்ன நடந்தது?’ என்று தோன்றியவுடன் கண்ணைக் கீழே இறக்கினால் அது அங்கே மறுபடி வரும். மைதானத்தில் நடுவர்கள் பேசுவதெல்லாம் அறைக்குக் கேட்கும். அறையில் பேசுவது நடுவருக்குக் கேட்க வேண்டுமானால் பட்டனை அழுத்த வேண்டும்.

கோல் விழுந்தால் யாரும் கேட்காமலேயே சோதனை தொடங்கிவிடும். அந்தத் தாக்குதல் எங்கே ஆரம்பித்ததோ அங்கிருந்து பின்னோக்கிப் போய் ஃபவுலா, பந்து கையில் பட்டதா, வெளியே போனதா, ஆஃப்சைடா (பாஸ் கொடுத்த கணத்தில் தாக்குபவர் டிஃபெண்டர்களைத் தாண்டி நின்றாரா) என்று பார்ப்பார்கள். சரியென்றால் ‘சோதனை முடிந்தது’ என்று மட்டும் சொல்வார்கள். ஆஃப்சைடு போன்ற நேரடி உண்மை என்றால் நடுவர் அப்படியே ஏற்றுக்கொள்வார். ஃபவுல், ஹேண்ட்பால் போன்ற கருத்துச் சமாச்சாரம் என்றால் விரலால் காற்றில் சதுரம் வரைந்துவிட்டு ஓரத்தில் இருக்கும் மானிட்டருக்கு ஓடுவார். 2018-ல் விஏஆர் விதிப்புத்தகத்தில் ஏறியபோது இதற்கெல்லாம் நான்கே நான்கு வாசல்தான்: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் (ஒருவர் செய்த தப்புக்கு வேறொருவருக்கு அட்டை காட்டுவது). அதிலும் ‘தெளிவான, வெளிப்படையான தவறு’ அல்லது நடுவர் அடியோடு கவனிக்காமல் விட்ட பெரிய சம்பவமாக இருக்க வேண்டும்.

ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பின்னால் போக முடியாது என்றும் ஒரு விதி உண்டு. விதிவிலக்குகள் மிகக் குறைவு. இந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு 2023 செப்டம்பர் 30 டாட்டன்ஹாம் – லிவர்பூல் ஆட்டமே சாட்சி. 34-வது நிமிடம், 0-0. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடிக்கிறார், லைன்ஸ்மேனின் கொடி ஏறுகிறது, மைதானத்தில் முடிவு ஆஃப்சைடு. அறையில் கோடு போட்டுப் பார்த்தால் டியாஸ் ஆன்சைடு, அதாவது கோல் செல்லும். விஏஆரோ மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ‘சோதனை முடிந்தது’ என்றார். நடுவரின் காதில் அதற்கு அர்த்தம்: ஆஃப்சைடு சரிதான். ஃப்ரீகிக் எடுத்தாயிற்று. ஆட்டம் ஓடத் தொடங்கிய பிறகு ரீப்ளே ஆபரேட்டர்தான் முதலில் கண்டுபிடித்தார்: மைதானத்தில் கொடுத்தது ஆஃப்சைடு, இது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி அறைக்குள்ளேயே குரல் எழுந்தது. விஏஆரின் பதில், இனி ஒன்றும் செய்ய முடியாது. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. சில நாளில் நடுவர் அமைப்பு அந்த ஒலிப்பதிவையே வெளியிட்டது.

இதில் கேமரா தப்பு செய்யவில்லை, கோடும் தப்பில்லை. ‘மைதானத்து முடிவு என்ன?’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இல்லாததுதான் பிழை. ரசிகர்களுக்கு இதுதான் கொதித்தது. மனிதப் பிழையை ஒழிக்கவென்று வந்த அறையிலேயே, திருத்தவே முடியாத மனிதப் பிழை.

அடுத்தது ஆஃப்சைடு கோடு. ‘அக்குள் ஆஃப்சைடு’ என்று கேலி செய்வார்களே, அந்தக் கேலிக்குள் ஒரு நியாயமான கணக்கு இருக்கிறது. வழக்கமான ஒளிபரப்புக் கேமரா விநாடிக்கு 50 ஃபிரேம் எடுத்தால், இரண்டு ஃபிரேமுக்கு நடுவே 0.02 விநாடி. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் ஸ்ட்ரைக்கர் அதற்குள் 16 சென்டிமீட்டர் போய்விடுவார். டிஃபெண்டர் எதிர்ப்பக்கமாக விநாடிக்கு 5 மீட்டரில் ஏறி வந்தால் இன்னும் 10. பந்தில் கால் பட்ட ஃபிரேம் எது என்று தேர்ந்தெடுப்பதில் ஒன்று தவறினாலே 26 சென்டிமீட்டர் வித்தியாசம். இப்படிப்பட்ட படத்தின் மேல் கோடு போட்டுவிட்டு 2 சென்டிமீட்டர் ஆஃப்சைடு என்று சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? 2021-22 சீசனில் பிரீமியர் லீக் கோடுகளைத் தடிமனாக்கி, இருவர் கோடும் தொட்டுக்கொண்டால் தாக்குபவருக்குச் சாதகம் என்று மாற்றியது இதை உணர்ந்துதான்.

பாதி தானியங்கி ஆஃப்சைடு இந்த ஓட்டையை நன்றாகவே அடைக்கிறது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் கூரைக்கடியில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த சென்சார் விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. அதாவது, உதைத்த கணத்தைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. பிரீமியர் லீக் இதை 2025 ஏப்ரல் 12-ல்தான் கொண்டுவந்தது. அதற்கு முன் இங்கிலாந்தின் நாக்-அவுட் தொடரான எஃப்.ஏ. கோப்பையில் வெள்ளோட்டம் விட்டார்கள். 2025 மார்ச் 1, போர்ன்மவுத் – வூல்வ்ஸ். கார்னரிலிருந்து கோல், பெனால்டி பாக்ஸில் ஒரே ஆள்கூட்டம். கருவியால் உடல்களைப் பிரித்தறிய முடியாமல் பழையபடி கையால் கோடு போட வேண்டியதாயிற்று. ஹேண்ட்பால் சோதனையும் சேர்ந்து ஏறக்குறைய 8 நிமிடம்! வெள்ளோட்டம் தொடங்கிய வாரக்கடைசியிலேயே இப்படி.

கோடு விஷயம் நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றே நினைக்கிறேன். சரியாகாதது கருத்து விஷயம். அதில் பெரிய வில்லன் ஸ்லோமோஷன். எங்கே பட்டது, பந்து வெளியே போனதா என்பதற்கு மட்டும் மெதுவான காட்சி, ஃபவுலின் கடுமை, ஹேண்ட்பால் போன்றவற்றுக்கு இயல்பான வேகம் என்று நெறிமுறையே சொல்கிறது. நடைமுறையில் கடைப்பிடிப்பது கஷ்டம். மேலே சொன்ன அதே டாட்டன்ஹாம் ஆட்டத்தில் லிவர்பூலின் கர்ட்டிஸ் ஜோன்ஸுக்கு முதலில் மஞ்சள் அட்டைதான். நடுவர் மானிட்டருக்குப் போனபோது திரையில் முதலில் இருந்தது அசையாத படம்: எதிராளியின் காலில் பூட்ஸின் அடிப்பாகம் பதிந்திருக்கும் அந்த ஒரு கணம். நிறுத்திவைத்த படத்தில் எந்த டாக்கிளும் கொலைவெறியாகத்தான் தெரியும். கால் பந்தின் மேல் பட்டு வழுக்கி வந்தது நகரும் காட்சியில்தான் புரியும். முடிவு சிவப்பு, மேல்முறையீடும் தள்ளுபடி. சிவப்பு சரியா என்று இன்றைக்கும் வாதாடலாம். முதலில் எந்தப் படத்தைக் காட்டுவது என்று அறை தீர்மானிக்கும்போதே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது என்பதில் வாதம் இல்லை.

இனி கோலைக் கொண்டாடுவது. வீட்டில் டிவியில் பார்ப்பவருக்கு விஏஆர் இரண்டு நிமிட சஸ்பென்ஸ். கோடு போடுவது, ரீப்ளே, விமர்சகர் பேச்சு எல்லாம் கிடைக்கும். டிக்கெட் வாங்கி உள்ளே நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. 2019-ல் இங்கிலாந்துக்கு விஏஆர் வந்தபோது ஆன்ஃபீல்டிலும் ஓல்டு டிராஃபோர்டிலும் பெரிய திரையே கிடையாது. என்ன சோதனை நடக்கிறது என்பதை வீட்டில் இருக்கும் நண்பருக்கு மெசேஜ் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. கோல் அடித்த கணத்தில் கத்துவதற்கு முன் லைன்ஸ்மேனை ஒரு பார்வை பார்ப்பது பழைய வழக்கம். இப்போது கொடி ஏறாவிட்டாலும் நம்பிக் கத்த முடியாது. 2024 ஏப்ரல் 21, வெம்ப்ளி, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. அப்போது இரண்டாம் டிவிஷனில் ஆடிய கோவென்ட்ரி, மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 3-0 என்று பின்தங்கி, 3-3 ஆக்கி, கூடுதல் நேரத்தின் கடைசியில் விக்டர் டார்ப் அடித்து 4-3. ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கொண்டாடுகிறார்கள். அப்புறம் அறையிலிருந்து செய்தி: அதற்கு முந்தைய பாஸில் ஹாஜி ரைட் நூலிழை ஆஃப்சைடு. பெனால்டியில் கோவென்ட்ரி வெளியே. விதிப்படி முடிவு சரியாகவே இருக்கட்டும். அந்த ஸ்டாண்டில் நின்றவரிடம் 96 சதவீதக் கணக்கைக் காட்டிப் பாருங்கள்.

பலர் கவனிக்காத பக்கவிளைவு ஒன்றும் உண்டு. கோல் வாய்ப்பு தெரிந்தால் ஆஃப்சைடு என்று சந்தேகப்பட்டாலும் லைன்ஸ்மேன் கொடியை உடனே தூக்கக் கூடாது, விஏஆர் பார்த்துக்கொள்ளும். அதனால் செல்லாத ஆட்டம் பல விநாடி முழு வேகத்தில் ஓடுகிறது. 2025 மே மாதம் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் – லெஸ்டர் ஆட்டத்தில் அப்படித் தொடர்ந்த ஓட்டத்தில்தான் ஃபாரஸ்ட் வீரர் தைவோ அவோனியி கோல்போஸ்ட்டில் மோதினார். வயிற்றில் அறுவை சிகிச்சை, செயற்கைக் கோமா வரை போனது.

சரி, டிஆர்எஸ் மட்டும் ஏன் நிலைத்தது? கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தும் தானாகவே முடிகிறது. சோதனைக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 15 விநாடிக்குள் அணிதான் கேட்க வேண்டும். வீணாக்கினால் ரிவ்யூ போச்சு, பழி கேப்டன் தலையில். கால்பந்தில் யாரும் கேட்காமல் அறை தானே நுழைகிறது, அதனால் பழி முழுவதும் நடுவர் பக்கம். எல்லாவற்றுக்கும் மேல், ‘அம்பயர்ஸ் கால்’ என்று ஒன்றை வைத்து, இந்தக் கருவிக்கு இவ்வளவுதான் தெரியும் என்று கிரிக்கெட் வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. மூன்றாவது அம்பயர் பேசுவதும் ஒளிபரப்பில் கேட்கும். பிரீமியர் லீக் 2024-25-ல்தான் ‘ரெஃப்ரீஸ் கால்’ என்று சொல்ல ஆரம்பித்தது. நடுவர் மைக்கில் முடிவை அறிவிப்பது இங்கிலாந்தில் முதலில் நடந்தது 2025 ஜனவரி, டாட்டன்ஹாம் – லிவர்பூல் லீக் கோப்பை அரையிறுதியில். காரணம் சொல்லாமல் காக்க வைப்பதுதான் பாதி கோபம் என்று புரியவே இத்தனை வருடம் எடுத்தது.

ரசிகர்கள் வெறுமனே திட்டிக்கொண்டிருக்கவில்லை, சில இடங்களில் ஜெயித்திருக்கிறார்கள். சுவீடனில் கிளப்புகளில் 51 சதவீத உரிமை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதி. உறுப்பினர்கள் கிளப் கூட்டத்தில் வாக்களித்து விஏஆரை எதிர்க்க வைத்தார்கள். 2024-ல் சுவீடன் சங்கம் திட்டத்தையே கைவிட்டது. நார்வேயில் 2023-ல் கொண்டுவந்துவிட்டார்கள். 2024 ஜூலையில் ரோசன்போர்க் – லில்லஸ்ட்ரோம் ஆட்டத்தில் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்தும் மீன் கேக்கும் பறந்து ஆட்டமே கைவிடப்பட்டது. 2025 ஜனவரியில் மேல்மட்டக் கிளப்புகள் 19-13 என்று எதிர்த்தன. ஆனால் மார்ச்சில் சங்கத்தின் பொதுக்குழு 321-க்கு 129 என்று வைத்துக்கொள்ள முடிவெடுத்தது. இங்கிலாந்தில் வூல்வ்ஸ் கிளப் 2024-ல் ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்து 19-1 என்று தோற்றது. உறுப்பினர் கையில் வாக்கு இருந்தால் ஒரு முடிவு, முதலாளி கையில் இருந்தால் வேறு முடிவு. எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரிகிறது.

என் கருத்து இது: ஆஃப்சைடு, பந்து கோட்டைத் தாண்டியதா, ஆள் மாறாட்டம் ஆகியவை கருவியிடமே இருக்கட்டும். கருத்து முடிவுகளுக்கு இயல்பு வேகத்தில் இரண்டு மூன்று கோணம், அதில் தவறு தெரியாவிட்டால் மைதானத்து முடிவே நிற்கட்டும். இல்லையென்றால் பயிற்சியாளரிடம் கொடுத்துவிடலாம். அந்தப் பாணியும் இருக்கிறது: ஃபுட்பால் வீடியோ சப்போர்ட். 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் சோதித்தார்கள். தனி அறை இல்லை, விஏஆர் இல்லை. பயிற்சியாளர் விரலைச் சுழற்றிக் காட்டி நான்காவது நடுவரிடம் அட்டை கொடுக்க வேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு. நடுவரே மானிட்டரில் பார்த்து முடிவு சொல்வார். கேமரா குறைவாக உள்ள லீகுக்கும் கட்டுப்படியாகும்.

நம்மூர் கால்பந்து லீகான ஐஎஸ்எல்லுக்கு விஏஆர் வேண்டும் என்று கேட்பவர்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணம் 2023 மார்ச் 3 பெங்களூரு – கேரளா பிளாஸ்டர்ஸ் பிளே-ஆஃப். பிளாஸ்டர்ஸ் தயாராகும் முன் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கை விரைவாக எடுத்து கோலாக்க, அணி மைதானத்தை விட்டே வெளியேறி 4 கோடி ரூபாய் அபராதம் வாங்கியது. ஆனால் அங்கே தகராறு, அப்படி விரைவாக எடுக்க நடுவர் அனுமதித்தது சரியா என்பதில்தான். ஆட்டத்தை மறுபடி தொடங்கும் முறை விஏஆரின் வரம்புக்குள்ளேயே வராது. அன்று மைதானத்தில் அறையே வைத்திருந்தாலும் அந்தக் கோல் அப்படியே நின்றிருக்கும்.