ராலி ஓட்ட 24 வயது தாமதமா? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எனக்கு 24 வயது. கார் ராலி பந்தயத்தில் உலகப் போட்டி வரை போக வேண்டும் என்று ஆசை. இதுவரை எந்தப் போட்டியிலும் கலந்துகொண்டதில்லை. வயது தாண்டிவிட்டதா?
*– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

பதில்: தாண்டவில்லை. பின்லாந்தின் கல்லே ரோவன்பெரா 2022-ல் 22 வயதிலேயே உலகப் பட்டம் வாங்கினார். ஆனால் அவர் அப்பாவே ராலி ஓட்டுநர்; எட்டு வயதில் உறைந்த ஏரியில் கார் பழகிய பிள்ளை. அவரோடு உங்களை ஒப்பிட வேண்டாம். பிரான்சின் செபாஸ்டியன் லோப் முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். 2004-ல் முதல் பட்டம் வென்றபோது வயது 30. அதிலிருந்து 2012 வரை தொடர்ந்து 9 பட்டங்கள், ஒன்பதிலும் கோ-டிரைவர் (பக்கத்தில் உட்கார்ந்து வழிக்குறிப்பைப் படித்துச் சொல்பவர்) டேனியல் எலெனாதான். செபாஸ்டியன் ஓஜியே பனிச்சறுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர்; முதல் பட்டம் 2013-ல், 29 வயதில். நம் நாட்டில் கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆண்டுகளில் ஆசிய-பசிபிக் ராலி பட்டம் வென்று, 2019-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

சென்னையிலிருந்து இயங்கும் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.தான் போட்டி லைசென்ஸ் தருகிறது. சாதாரண ஓட்டுநர் உரிமமும் கட்டாயம் வேண்டும். ஏனென்றால், ஒரு ஸ்டேஜ் (பாதையை மூடி, நேரம் குறித்து ஓட்டும் பகுதி) முடிந்து அடுத்த ஸ்டேஜுக்குப் போவது பொதுச் சாலையில், சிக்னலில் நின்றுதான். தேசிய சாம்பியன்ஷிப்பில் முன்சக்கர இழுவைக் காரில் தொடங்குங்கள். கடன் வாங்கி ஒரே ஒரு வெளிநாட்டு ராலிக்குப் போவதைவிட, இங்கே ஒரு சீசன் முழுக்க எல்லா ராலியையும் முடித்துக் காட்டுவது மேல். ஸ்பான்சர் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: எனக்கு ஓட்டுவதைவிட கோ-டிரைவர் ஆவதில்தான் விருப்பம். வீட்டிலிருந்தே பழக முடியுமா? பெண்களுக்கு இடமுண்டா?
*– வாசகி, லாஸ்பேட்டை*

பதில்: இடம் உண்டு. 1981 சான்ரெமோ ராலியை வென்ற மிஷேல் மூட்டன், அவருடைய கோ-டிரைவர் ஃபப்ரிசியா பொன்ஸ் இருவருமே பெண்கள்.

பழகவும் முடியும். சுருள்கம்பி நோட்டும் பென்சிலும் வாங்குங்கள். பேனா வேண்டாம், வியர்வை பட்டால் மை கரையும், திருத்தவும் முடியாது. பாகூர் பக்கத்து ஏரிக்கரைச் சாலையில் வேறொருவர் நிதானமாகக் கார் ஓட்ட, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: “வலது 4, 80, இடது 3 குறுகும், வெட்டாதே.” 4, 3 என்பவை வளைவின் அளவு, பெரும்பாலோருக்கு 1 மிகக் கூர்மை, 6 கிட்டத்தட்ட நேர். 80 என்பது அடுத்த வளைவுக்கு மீட்டர் கணக்கு. ‘வெட்டாதே’ என்றால் உள்ஓரத்தில் கல்லோ பள்ளமோ இருக்கிறது. அதே சாலையில் மறுபடி போகும்போது நீங்கள் படியுங்கள், அவர் திருத்தட்டும். நிஜ ராலியிலும் பொதுவாக ஒவ்வொரு ஸ்டேஜையும் முன்கூட்டி இரண்டு முறைதான் பார்க்க விடுவார்கள், அதுவும் வேகக் கட்டுப்பாட்டோடு.

தப்பு நடப்பது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஓட்டுநருக்குக் காலையில் 4-ஆகத் தெரிந்த வளைவு களைத்த மாலையில் 5-ஆகத் தெரியும். பக்கம் திருப்பும்போது வரி தவறும்; அதனால் கடைசி வளைவை அடுத்த பக்கத்தின் தலையிலும் எழுதி வையுங்கள். மூன்றாவது, தாமதமாகச் சொல்வது. ஓட்டுநர் ஒரு வளைவில் இருக்கும்போதே அடுத்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஓடும் காரில் படித்தால் குமட்டுகிறவர்கள் அதை முதலிலேயே சோதித்துக்கொள்வது நல்லது.

நேரக் கணக்கும் உங்கள் பொறுப்பே. டைம் கன்ட்ரோல் என்ற நேரம் பதியும் இடத்துக்குக் குறித்த நேரத்தைவிட ஒரு நிமிடம் தாமதமானால் 10 விநாடி அபராதம். ஒரு நிமிடம் முந்தினால் முழு 60 விநாடி! சீக்கிரம் போய்விட்டால் வெளியே காத்திருங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் ஜி.ஐ. பைப்பை வளைத்து ரோல் கேஜ் (கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்க் கூடு) செய்து தரலாம் என்கிறார்கள். போதுமா?
*– வாசகர், கடலூர் முதுநகர்*

பதில்: கூடவே கூடாது. தண்ணீர்க் குழாய்க்கு நீளவாக்கில் மூட்டு இருக்கும். கார் உருளும்போது அங்கேதான் பிளக்கும். துத்தநாகப் பூச்சின்மேல் வெல்டிங் பிடிக்காது, அந்தப் புகையும் நஞ்சு. சர்வதேச விதிப்படி மூட்டில்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாய் வேண்டும்: முன் இருக்கைகளுக்குப் பின்னால் வரும் முக்கிய வளையத்துக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50-க்கு 2. கேஜின் ஒவ்வொரு பாதத்துக்கும் கீழே 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகட்டைக் கார் உடலோடு வெல்டிங் செய்து, குறைந்தது மூன்று 8 மி.மீ. போல்ட் போட வேண்டும். கடற்காற்றில் நிற்கும் பழைய கார் என்றால், முதலில் தரைத் தகட்டின் பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். துருப்பிடித்த தகட்டில் எவ்வளவு நல்ல கேஜும் பிய்த்துக்கொண்டு வரும்.

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புச் செம்மண் பாதையில் இரவில் ஓட்டிப் பழகுகிறோம். நல்ல பயிற்சிதானே?
*– வாசகர், காடாம்புலியூர்*

பதில்: இல்லை. இரவிலும் தோப்பில் காவலாள் இருப்பார், ஆடு இருக்கும். போட்டியில் பாதையை மூடி, ஆம்புலன்ஸ் நிறுத்தி, காருக்கும் காருக்கும் இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள். உங்களிடம் அதில் ஒன்றுமில்லை. உரிமையாளர் அனுமதியோடு, பகலில், காலியான திடலில் கூம்புகள் வைத்துக் கைப்பிரேக் இழுத்துத் திருப்புவதும் இடதுகாலால் பிரேக் அழுத்துவதும் பழகுங்கள்.

கேள்வி: ஸ்டேஜ் நடுவே கார் நின்றுவிட்டால் முதலில் என்ன செய்வார்கள்?
*– வாசகர், நெல்லிக்குப்பம்*

பதில்: சிவப்பு முக்கோணத்தை, பின்னால் வருபவர்கள் காரை எட்டுவதற்குக் குறைந்தது 50 மீட்டர் முன்பே, கார் நிற்கும் அதே ஓரத்தில் வைப்பார்கள். கார் பாதையை விட்டு விலகிக் கிடந்தாலும் இதைச் செய்தாக வேண்டும். அடிபடவில்லை என்றால் பின்னால் வருபவர்களுக்கு ‘ஓகே’ அட்டை. மருத்துவ உதவி வேண்டுமென்றால் சிவப்பு ‘எஸ்.ஓ.எஸ்.’ அட்டை. அதைக் கண்டவர் யாராக இருந்தாலும், முதலிடத்தில் இருப்பவரானாலும், நிறுத்தியே ஆக வேண்டும்.