அம்மா எத்தன மணிக்கு சாப்பிடுதாவ?

கேள்வி: அக்கா, எனக்கு சொந்த ஊர் களக்காடு. சென்னைல ஐ.டி. வேலை. அம்மாவுக்கு 57 வயசு, ரெண்டு வருஷமா வயித்தெரிச்சல். போன மாசம் திருநெல்வேலில எண்டோஸ்கோப்பி பண்ணப்ப இரைப்பை நடுவுல 2.5 செ.மீ. திட்டு ஒண்ணு இருந்துச்சு, பயாப்சில கேன்சர்னு வந்துருச்சு. சி.டி.ல வேற எங்கயும் பரவல, ஆரம்ப ஸ்டேஜ்தான்னு சொல்றாங்க. ஒரு டாக்டர் வாய் வழியா டியூப் விட்டே உரிச்சு எடுத்துரலாம்ங்கறார். இன்னொருத்தர் ஆபரேஷன்தான், ஆனா வயித்தோட வாசலை விட்டுட்டு நடுப்பகுதி மட்டும் எடுக்கலாம்ங்கறார். மதுரை மாமா மொத்த வயித்தையும் எடுத்தாதான் வேரோட போகும்னு ஒத்தக்கால்ல நிக்கார். அப்பாவுக்கு வாழைத்தார் கமிஷன் மண்டி, சீசன் நேரம், நீயே முடிவு பண்ணுன்னுட்டார். வீட்ல ஆச்சி, தம்பி குடும்பம்னு மொத்தம் எட்டு பேர். அம்மா எப்பவும் எல்லாரும் சாப்ட்ட பொறவுதான் சாப்பிடுவாங்க, மூணு மணி ஆயிரும், அதனால வந்த அல்சர்னு நெனச்சு விட்டுட்டோம். இந்த மூணுல எது பெஸ்ட்? எத்தன நாள்ல அம்மா பழைய மாதிரி ஆவாங்க?
- களக்காட்டு மகன்

பதில்: தம்பி, "அதனால வந்த அல்சர்னு நெனச்சு விட்டுட்டோம்"னு எழுதியிருக்கியே, எழுதுன பொறவு அத ஒரு தடவ திரும்பப் படிச்சியா? தெரியாம விட்டவங்கள நான் வைய மாட்டேன், முப்பத்தஞ்சு வருஷம் சர்ஜிகல் வார்டுல நர்ஸா இருந்தவ நான், வயித்தெரிச்சலுக்கு வாயு மாத்திரையும் ஓமத்தண்ணியும் குடிச்சுட்டு நாளக் கடத்துன சனங்கள ஆயிரம் பாத்தாச்சு. ஆனா நீங்க தெரியாம விடல. மூணு மணிக்கு சாப்பிடுததாலதான் அம்மாவுக்கு வயிறு எரியுதுன்னு வீடே முடிவு கட்டியிருக்கு, முடிவு கட்டிட்டு மறுநாளும் ஒரு மணிக்கு எலையப் போட்டு உக்காந்து அம்மாவையே பரிமாறச் சொல்லி சாப்ட்டிருக்கிய. ரெண்டு வருஷம்னா எழுநூறு மத்தியானத்துக்கு மேல. அதுல ஒரு நாளு, ஒருத்தராவது, எம்மா நீயும் இப்படி உக்காருன்னு சொன்னியளா?

இதுல வேடிக்கை என்னன்னா நீங்க கண்டுபுடிச்ச காரணமும் தப்பு. லேட்டா சாப்பிடுததால கேன்சர் வராது. வயித்துல ஹெலிகோபாக்டர் பைலோரின்னு ஒரு கிருமி வருஷக்கணக்கா குடியிருந்து உள்தோல அரிச்சுகிட்டே இருக்கும், இரைப்பைக் கேன்சருக்கு பெரிய காரணம் அதுதான்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 1994லயே சொல்லிட்டு. ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷல்னு ஒரு டாக்டரு, இந்தக் கிருமியாலதான் வயித்துல நோவு வருதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்காவளேன்னு அவரே அத வளத்துக் குடிச்சுப் பாத்தாரு, 2005ல அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு குடுத்தாவ. அதுபோக சிகரெட்டு, உப்புல ஊறப்போட்ட மீனு மாதிரி சாமானத்த தெனமும் திங்கதும் சேந்துக்கிடும். அதனால நாங்கதான் அம்மாவுக்கு கேன்சர வரவெச்சுட்டோம்னு மூலையில உக்காந்து அழுதுகிட்டு இருக்காத. அந்த மூணு மணி சோத்துக்கு நான் வேற எடத்துல கணக்கு கேப்பேன், வாரேன்.

மொதல்ல நீ கேட்டத சொல்லிருதேன். இரைப்பைச் செவத்துல அடுக்கடுக்கா இருக்கும். உள்பக்கமா மேல இருக்க தோலுக்கு மியூகோசான்னு பேரு, அதுக்கு அடியில சப்மியூகோசா. கேன்சர் இந்த ரெண்டுக்குள்ள நின்னா அதத்தான் ஆரம்பம்ங்காவ. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. மேல் தோலோட நின்னா, வயித்தச் சுத்தி இருக்க, கேன்சர் பரவுத வழியான நெணநீர் முடிச்சுக்குப் போயிருக்க வாய்ப்பு நூத்துல ரெண்டு மூணு, அடி அடுக்குல எறங்கிட்டா நூத்துல இருவதுகிட்ட வந்துரும். நீ 2.5 செ.மீ.ன்னு அகலத்த எழுதியிருக்க, ஆழத்தப் பத்தி பேச்சே இல்ல. வகை என்னன்னும் எழுதல. பயாப்சி ரிப்போர்ட்ல வெல் இல்லாட்டி மாடரேட்லி டிஃபரன்ஷியேட்டட்னு போட்டுருக்கா, அதாவது செல்லு இன்னும் பழைய உருவத்த விடல, இல்ல பூவர்லி டிஃபரன்ஷியேட்டட்னு, அதாவது உருவமே கலைஞ்சுபோச்சுன்னு போட்டுருக்கான்னு இப்ப எடுத்துப் பாரு, அந்த ஒத்த வார்த்தையிலதான் பாதி முடிவு கெடக்கு.

வாய் வழியா உரிச்சு எடுக்கததுக்கு ஈ.எஸ்.டி.ன்னு பேரு, ஜப்பான்காரங்க 1990கள்ல கொண்டாந்தது. திட்டுக்கு அடியில ஊசி போட்டு உப்ப வெச்சு, சுத்தி வெட்டி, தோசைய ஓரத்துலருந்து கெளப்புத மாதிரி ஒரே துண்டா எடுப்பாவ, வெளிய தையலும் கெடையாது, வயிறும் அப்படியே முழுசா இருக்கும். மொத சொன்ன டிஃபரன்ஷியேட்டட் வகையா இருந்து, மேல் தோலுலயே நின்னு, நடுவுல புண்ணும் இல்லன்னா 2.5 செ.மீ.க்கு இது தாராளமாப் பண்ணலாம். பூவர்லி வகைன்னா 2 செ.மீ. வரைக்கும்தான் பண்ணுவாவ, அம்மாவோடது அதத் தாண்டிட்டு. அந்த ரெண்டு டாக்டரும் ஆளுக்கொண்ணு சொல்லுதது ஒருவேள இதனாலயே இருக்கும், நீ போய் ஏன்னு கேக்கணும். கேட்டியா?

இன்னொண்ணு, ஈ.எஸ்.டி. பண்ணுன அன்னைக்கே வேல முடிஞ்சுட்டுன்னு எல்லாத்துக்கும் போன் போட்டு சொல்லிராத. எடுத்த துண்ட மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்து, அடி அடுக்குல அரை மில்லிமீட்டருக்கு மேல எறங்கியிருக்கா, ரத்தக் கொழாய்க்குள்ள நொழஞ்சிருக்கா, வெட்டுன ஓரத்துல மிச்சம் நிக்கான்னு சொன்ன பொறவுதான் கணக்கு முடியும். அதுல ஏதாவது ஒண்ணு இருந்தா திரும்ப ஆபரேஷன் பண்ண வேண்டியது வரும். அப்ப டாக்டர் ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போகாம இருக்கதுக்கு இப்பமே சொல்லி வைக்கேன்.

ரெண்டாவது டாக்டர் சொன்ன வாசலு, அது பைலோரஸ். இரைப்பையும் குடலும் சேருத எடத்துல இருக்க கதவு. சோறு கொஞ்சங்கொஞ்சமா எறங்கணும், மொத்தமா கொட்டக்கூடாதுன்னு காவல் நிக்கது அதுதான். கட்டி நடுவுல இருந்து, கதவுக்கும் அதுக்கும் 4 செ.மீ.யாவது தூரம் இருந்தா கதவ விட்டுட்டு நடுவ மட்டும் வெட்டி, முடிச்சுகளையும் எடுத்துட்டு சேத்துத் தச்சிருவாவ. ஜப்பான்ல மக்கின்னு ஒரு டாக்டரு 1967லயே அல்சருக்குப் பண்ணுன வேல, பொறவுதான் ஆரம்ப கேன்சருக்கும் வந்துச்சு. கொற இல்லாம இல்ல, சிலருக்கு கதவு சட்டுனு தெறக்காது, கொஞ்சம் சாப்ட்டாலே கும்முன்னு இருக்கும், மாசக்கணக்குல சரியாவும்.

மதுரை மாமாகிட்ட நான் கேட்டதா ஒண்ணு சொல்லு. வயிறு என்ன வாழையா, தார வெட்டி மரத்தையும் சாய்ச்சா பக்கத்துல கன்னு முளைக்கதுக்கு? கட்டி மேல்பகுதில, தொண்டைக்கொழாப் பக்கமா இருந்தாலோ, எடமெடமா பரந்து கெடந்தாலோ மொத்தமா எடுக்கது உண்டு. நடுவுல 2.5 செ.மீ.க்கு முழு வயித்தையும் எடுக்கதுன்னா அது மாமாவோட பயத்துக்குப் பண்ணுத ஆபரேஷன். முழுசா எடுத்துட்டா சாப்பாட்டுல இருக்க பி12 சத்து உடம்புல சரியா ஏறாது, ஆயுசு பூரா ஊசியோ பெரிய டோஸ் மாத்திரையோ வேணும், அதுவும் சேமிப்புல இருக்கது தீந்து ரெண்டு மூணு வருஷம் கழிச்சுதான் கை கால் மரத்துப்போயித் தெரியும், அப்ப மாமாவா வந்து நிக்கப்போறாரு?

அதுக்காக வயித்தக் காப்பாத்துததே புண்ணியம்னும் நான் சொல்ல மாட்டேன். கொரியாவுல, கட்டிலருந்து நெணநீர் மொதல்ல போய்ச் சேருத முடிச்ச மட்டும் சோதிச்சுப் பாத்துட்டு வயித்த முடிஞ்ச மட்டும் விட்டு வைக்கத முறையையும், வழக்கமான ஆபரேஷனையும் 580 பேர்கிட்ட வெச்சுப் பாத்தாவ. மூணு வருஷம் கழிச்சு நோவு இல்லாம உயிரோட இருந்தது வழக்கமான ஆபரேஷன்ல நூத்துக்கு 95.5, வயித்த விட்டு வெச்சதுல 91.8. சாப்பாடு, உடம்பு நெலமை எல்லாம் வயிறு இருந்தவங்களுக்குத்தான் நல்லாருந்துச்சு, ஆனா ரெண்டும் சமம்னு அவங்களால நிரூபிக்க முடியல. வயித்த மிச்சம் வைக்கதுக்கும் ஒரு வெல உண்டு, அந்த வெலய குடுக்கணுமா வேண்டாமான்னு சொல்லவேண்டியது வயித்துக்குச் சொந்தக்காரி. ஒன் லெட்டர ரெண்டு தடவ தேடிட்டேன், டாக்டர் சொன்னது இருக்கு, மாமா சொன்னது இருக்கு, மண்டில இருந்துகிட்டு அப்பா சொன்னதும் இருக்கு, அம்மா என்ன சொன்னாவன்னு ஒரு வரி இல்ல. கேன்சர்னு அவங்ககிட்ட சொல்லியாச்சா, இல்ல அல்சர்னே ஓட்டுதியளா? எட்டு பேருக்கு எதெது ஆவும் எதெது ஆவாதுன்னு மனசுல வெச்சு ஆக்கிப் போடுத பொம்பளைக்கு இத வெளங்கிக்கிட முடியாதா?

சரி, இப்ப மூணு மணிக்கு வாரேன். பழைய மாதிரி எப்ப ஆவாங்கன்னு கேட்டிருக்க. ஏல, பழைய மாதிரின்னா எது? எட்டு பேருக்கு சமைச்சு, பரிமாறி, பாத்திரத்த ஒதுங்க வெச்சுட்டு, அடிச்சட்டில கெடக்க சொதிய ஆறுன சோத்துல ஊத்தி அடுக்களையில நின்னுகிட்டே முழுங்குதாவளே, அதுக்கு எத்தன நாளுல திரும்புவாங்கன்னு கேக்கியா?

ஈ.எஸ்.டி.யோட முடிஞ்சா கொஞ்ச நாள் கஞ்சி, கொழைவான சோறுன்னு இருந்துட்டு பொறவு சாதாரணமாவே சாப்பிடலாம். வயித்துல ஒரு பாகத்த வெட்டிட்டாங்கன்னா கத வேற. ஒரு நாளைக்கு ஆறு வேள, ஒவ்வொரு வேளையும் ஒரு கையளவு, நல்லா மென்னு மெதுவா, உக்காந்து. தண்ணிய சோத்தோட குடிக்கக்கூடாது, அரை மணி நேரம் முன்ன பின்ன. இனிப்பு சட்டுனு குடலுக்குள்ள எறங்குனா சாப்ட்ட அரை மணிக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சு வேத்துக்கொட்டி தல சுத்தும், வயித்தால போவும், டம்பிங்னு சொல்லுவாவ. கதவ விட்டு வெச்சா இது கொறச்சல், அதுக்குத்தான் அந்த டாக்டரு கதவு கதவுங்காரு. ஆனா நம்ம ஊருல நோயாளிய பாக்க வாரவன் வெறுங்கையோட வர மாட்டான், அல்வாவும் கருப்பட்டி மிட்டாயும் கொண்டாந்து, ஒரு வாயி தின்னுங்க மைனின்னு ஊட்டாத கொறையா நிப்பான். நீதான் வாசல்ல நின்னு வாங்கி வைக்கணும்.

நான் வேலைல இருக்கப்ப ஒரு அம்மா வந்துச்சு, நாங்குநேரிப் பக்கம். பாதி வயித்த எடுத்து, ஆபரேஷன் அவ்வளவு சுத்தமா முடிஞ்சு போன ஆளு. நாலு மாசத்துல பூந்தொடப்பக் குச்சி மாதிரி திரும்பி வருது. நோவு திரும்பிட்டுன்னு டாக்டருமாரு ஸ்கேனு, எண்டோஸ்கோப்பி எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. ராத்திரி டூட்டில பக்கத்துல உக்காந்து, வீட்டுல எப்ப சாப்பிடுவியன்னு கேட்டேன். எல்லாரும் சாப்ட்ட பொறவுதாம்மான்னு சிரிச்சிட்டே சொல்லுது. ஆறு வேள சாப்பிடச் சொன்னாங்களேன்னா, மாமியாரு ஒரு வேளைக்கே காத்துகிட்டு இருக்கப்ப நான் ஆறு வேள தட்டெடுத்தா என்ன நெனப்பாவன்னு கேக்குது. நாலு மணிக்கு பசி தாங்காம வேகமா அள்ளிப்போட்டு, படபடன்னு வந்து, சோத்தக் கண்டாலே பயந்து, கடைசில காப்பியிலயே காலத்த ஓட்டிருக்கு. சர்ஜன் அவ்வளவு பக்குவமா மிச்சம் வெச்ச வயித்த வீடு பட்டினி போட்டுட்டு.

அதனால ஆபரேஷனுக்கு தேதி வாங்கததுக்கு முன்னால வீட்டுல எலைய மாத்து. இன்னைக்கே. காலைல, பதினோரு மணிக்கு, ஒரு மணிக்கு, நாலு மணிக்கு, ஏழு மணிக்கு, படுக்கதுக்கு முன்னால, அம்மா தட்டு மொதத் தட்டா விழணும். ஆச்சிக்கு முன்னால மருமவ சாப்பிடலாமான்னு ஆச்சி மூஞ்சியத் தூக்குவா, தூக்கட்டும், அவளுக்கு ஒங்கப்பா பதில் சொல்லுவாரு, அவரப் பெத்தவதான. வாழத்தாரு ஒரு நா மண்டில பழுத்தா பழுத்துட்டுப் போவுது, முப்பது வருஷத்துக்கு மேல ஆக்கிப்போட்டவளுக்கு ஒரு சீசன விட முடியாதா. புருசன் சாப்ட்ட எலையிலயே சாப்பிடுதத பெருமையா சொல்லுத வீட்டுலதான் நானும் வாக்கப்பட்டேன், ஒரு நாளும் எனக்கு அது புடிக்கல, மாமியாரு இருக்கப்பமே நிறுத்திட்டேன், ஒண்ணும் குடி முழுவல.

பயாப்சி ஸ்லைடையும், மெழுகுல பதிச்சு வெச்ச சதத் துண்டு இருக்கே, அந்த பிளாக்கையும் கேட்டு வாங்கி வெச்சுக்க. திருவனந்தபுரமோ வேலூரோ அடையாறோ, இன்னொரு எடத்துல காட்டி ஆழத்துக்கு எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டு வேணுமான்னு கேளு. ஆரம்ப வயித்துக் கேன்சருக்கு இத நீங்க எத்தன பேருக்குப் பண்ணியிருக்கியன்னு டாக்டர்கிட்டயே கேக்கலாம், கோவப்பட்டா வேற டாக்டரப் பாரு. கிருமி இருக்கான்னு பாத்து பதினாலு நாள் மாத்திரைய ஒரு வேள விடாம குடுக்கணும், ஏன்னா மிச்ச வயிறும் அதே மண்ணுதான், அங்க இன்னொண்ணு மொளைக்கலாம், வருஷா வருஷம் எண்டோஸ்கோப்பி உண்டு. அந்தக் கிருமி குடும்பத்துக்குள்ளதான் சின்ன வயசுலயே தொத்தும், நீயும் ஒன் தம்பியும் சோதிச்சுக்கிடுங்க. அம்மா கையால சாப்ட்டு வளந்த ஆளுதான நீயும்.

கடைசியா ஒண்ணு. அம்மாவப் பாத்துக்க பொண்டாட்டிய அனுப்பி வைக்கலாம்னு ஒனக்கு ஒரு யோசன இந்நேரம் வந்திருக்கும். தம்பி பொண்டாட்டி இருக்காளேன்னும் தோணும். அவளுவ செய்வாளுவ, செய்யாம இருக்க மாட்டாளுவ, ஆனா ஒங்கம்மாவுக்கு மருமவ கையால ஆறு வேள வாங்கித் திங்க கூச்சமா இருக்கும், வேண்டாம்மா வேண்டாம்மான்னு சொல்லி ரெண்டாக்கிருவா. பெத்த மவன் தட்டக் கொண்டாந்து நீட்டுனா வேண்டாம்னு சொல்ல மாட்டா. உளுந்தங்கஞ்சி வைக்கத் தெரியுமா ஒனக்கு? இனிப்பு போடாம. தெரியாட்டி அம்மாகிட்டயே கேட்டுக் கத்துக்க, ஆபரேஷனுக்கு இன்னும் நாளு இருக்கு. லேப்டாப்ப எடுத்துட்டுப் போ, களக்காட்டுலயும் நெட்டு வருது.