ஒரு சிலையைப் பற்றி ஒரு மணி நேரமா?

கேள்வி: என் மகன் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கிறான். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பேச்சு, கண்காட்சி என்று அடிக்கடி போகிறானாம். படிக்கிற இடத்தில் அருங்காட்சியகம் எதற்கு? ஒரே சிலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச அப்படி என்ன இருக்கிறது?
- வாசகி, பாலக்கோடு

பதில்: தாராளமாகப் போகட்டும் அம்மா, தடுக்காதீர்கள். அவன் போவது அநேகமாக அஷ்மோலியன் அருங்காட்சியகமாக இருக்கும். 1683-ல் திறந்தது. அன்றைய கட்டடத்தில் மேல்மாடியில் காட்சிக்கூடம், அதற்குக் கீழே பாடம் நடத்தும் கூடம், அடித்தளத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம். பொருளைப் பார்ப்பது, பேசுவது, சோதிப்பது மூன்றும் ஒரே கூரையின் கீழ். இன்றும் உள்ளே போகக் கட்டணம் கிடையாது, மாணவனாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

ஒரு மணி நேரம் என்ன பேசுவார்கள் என்றால், நம்ம ஊர்ச் சிலை ஒன்றையே சொல்கிறேன். கும்பகோணம் பக்கம் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்த திருமங்கை ஆழ்வாரின் செப்புத்திருமேனி, 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதை அஷ்மோலியன் 1967-ல் லண்டனில் ஏலத்தில் வாங்கியது. பாடிய ஆழ்வார் கையில் வாளும் கேடயமும் ஏன், மெழுகில் செய்து உலோகம் வார்த்தது எப்படி, கோயிலில் இருந்தது கடல் தாண்டியது எப்படி? கடைசிக் கேள்விக்குப் பிடி கொடுத்தது 1957-ல் அதே சிலையைக் கோயிலிலேயே எடுத்த புகைப்படம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. 2024-ல் திருப்பித் தர ஆக்ஸ்ஃபோர்டு சம்மதித்தது. இதையெல்லாம் பேச ஒரு மணி நேரம் எப்படிப் போதும்?

கண்காட்சிகளை அவன் தள்ளிப்போட வேண்டாம். காகிதத்தில் வரைந்தவை வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் சில மாதங்களில் எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

கேள்வி: அதெல்லாம் வெளிநாட்டில் சரி. இங்கே அப்படி நடத்தினால் யார் வருவார்கள், எதைக் காட்டுவது?
- வாசகர், தருமபுரி

பதில்: எதைக் காட்டுவது என்றா கேட்கிறீர்கள்? தருமபுரி அகழ்வைப்பகத்தில், அதாவது தொல்பொருள் அருங்காட்சியகத்தில், நடுகற்கள் இருக்கின்றனவே, சண்டையில் செத்த வீரனின் நினைவாக நட்ட கற்கள்! பஸ்ஸில் தினமும் அந்தப் பக்கமாகப் போகிறோம், இறங்கிப் பார்த்தவர் எத்தனை பேர்? பழைய கற்களில் வட்டெழுத்து இருக்கும், தமிழை அந்தக் காலத்தில் எழுதிய எழுத்து அது. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய மாட்டை யார் கவர்ந்தார்கள், மீட்கப் போய் யார் செத்தார் என்று இரண்டு மூன்று வரியில் சொல்லிவிடும். பக்கத்து மாவட்டத்தில், செங்கம் அருகே எடுத்தனூரில், கள்ளர்களைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயைக்கூட நடுகல்லில் எஜமானனோடு செதுக்கிப் பெயரும் எழுதியிருக்கிறார்கள், அதுவும் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில். இதைக் கேட்டால் எந்தப் பிள்ளை கிளம்பி வராது?

பைசுஅள்ளியில் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மையம் இருக்கிறது, மாணவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் தயவுசெய்து மேடை, பொன்னாடை, வரவேற்புரை வேண்டாம், அதிலேயே பாதி நேரம் போய்விடும். ஒரே ஒரு கல் போதும். ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து வரும், அப்புறம் பிள்ளைகளையே ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க விடுங்கள், வீரன் உடம்பில் தைத்த அம்பு எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். பத்துப் பேர் வந்தால் போதும். ஒரு கல்லைச் சுற்றி நின்று பார்க்க அவ்வளவு பேருக்குத்தான் இடம் இருக்கும்.