பெயர் பொய்யாகுமா?

அன்புள்ள ஐயா,

‘எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே’ என்கிறது தொல்காப்பியம். யாங்கோன் என்றால் ‘பகை தீர்ந்தது’ என்று பொருளாம். இங்கே பகை எப்போது தீர்ந்தது? அப்படியானால் இந்தப் பெயர் பொய்தானே? இன்னொன்று: ஷ்வேபொந்தா தெருவை என் அம்மா இன்னும் முகல் தெரு என்றே சொல்கிறார். திருத்தட்டுமா?

– ஒரு வாசகர், யாங்கோன்

அன்புள்ள தம்பி,

தொல்காப்பியர் ‘குறித்தன’ என்கிறார். அந்த வினையைக் கவனியுங்கள். 1755இல் பர்மிய மன்னர் அலாங்பயா டகோன் என்ற இந்த ஊரைப் பிடித்தபோது வைத்த பெயர் யாங்கோன். வைத்ததற்குக் காரணம் உண்டு. ஊரைக் குறிக்க அந்தக் காரணம் உண்மையாக இருக்கவேண்டியதில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு போட, நம்மவர்கள் மூட்டை முடிச்சோடு இந்தியாவுக்கு நடந்தே போனார்கள். அவர்கள் விட்டுவந்த ரங்கூன் எது என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. (ரங்கூன், யாங்கோன் இரண்டும் ஒரே பெயர்தான். பர்மியர் இன்றும் ‘ர’ போட்டு எழுதி ‘ய’ என்று வாசிக்கிறார்கள். 1989இல் மாறியது ஆங்கில எழுத்துக்கூட்டல்.)

‘பர்மாவின் தலைநகரம்’ என்ற தொடர் அப்படியில்லை. 2005 நவம்பரில் அரசு அலுவலகங்கள் இன்றைய தலைநகரான நேப்பிடோ பக்கம் நகரத் தொடங்கின. அந்தத் தொடரும் கூடவே போய்விட்டது. வருணனை தனக்குப் பொருந்துகிற பொருளைத் தேடிப் போகும். யாங்கோன் என்ற பெயர் இங்கேயே இருக்கிறது.

அதை இங்கே நிறுத்திவைப்பது எது? 1970இல் பிரின்ஸ்டனில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் சால் கிரிப்கி ஆற்றிய உரைகளில் சொன்ன விடைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒருவர் பெயரிடுகிறார். கேட்டவர், அவர் குறித்ததையே தானும் குறிக்கும் எண்ணத்தோடு அடுத்தவரிடம் சொல்கிறார். இப்படியே வாய்மாறி வருகிறது. உங்கள் அம்மாவுக்கு முகலாயர் வரலாறு தெரிந்திருக்க வேண்டாம். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எந்தத் தெருவைச் சொன்னார்களோ, அதைத்தான் அவரும் சொல்கிறார். அதில் திருத்த ஒன்றுமில்லை.

என் கவலையெல்லாம் இப்படி வாய்மாறி வரும் சங்கிலி அறுந்துபோவதைப் பற்றித்தான். பழைய கடிதங்களில், கணக்கு நோட்டுகளில் பிரேசர் தெரு, டல்ஹௌசி தெரு என்று இருக்கும். இன்று அவை அனோரத்தா சாலை, மகாபந்துலா சாலை. இது தெரிந்தவர்கள் போய்விட்டால் அந்த முகவரிகளை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் எங்கே போய் நிற்பார்கள்? அம்மா சொல்லும் பழைய பெயர்களை எல்லாம் கேட்டு, பக்கத்திலேயே இன்றைய பெயரையும் எழுதிவையுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.