14 பாயின்ட் பின்னாடி இருக்கும்போது டச்டவுன் போட்ட உடனே ஏன் 2 பாயின்ட்டுக்கு போறாங்க?
என்எஃப்எல்ல (அமெரிக்க ஃபுட்பால் லீக்) கடைசி பகுதியான 4-வது குவார்ட்டர் முடியப்போகும்போது இப்படி பண்ணா பாக்குறவங்க கோச்சை திட்டுவாங்க, ஆனா கணக்கு அவர் பக்கம்தான். டச்டவுனுக்கு 6 பாயின்ட், அதுக்கு அப்புறம் கிக் அடிச்சா 1, இல்ல பந்தை மறுபடி எல்லைக்கோட்டைத் தாண்டி கொண்டு போனா 2. ஆக டச்டவுனுக்கு அப்புறம் வித்தியாசம் 8, 2 பாயின்ட் முயற்சி கிட்டத்தட்ட பாதி தடவை கைகூடும், கூடிட்டா வித்தியாசம் 6 தான், அடுத்த டச்டவுனும் ஒரு கிக்கும் போட்டா ஓவர்டைமே (சமன் ஆனா ஆடுற கூடுதல் நேரம்) இல்லாம நேரா ஜெயிச்சிடலாம். மிஸ் ஆனாலும் ஆட்டம் முடியல, அடுத்த டச்டவுன்ல மறுபடி 2 எடுத்து சமன் பண்ணலாம். ரெண்டுமே மிஸ் ஆகுறதுக்கு 4-ல 1 வாய்ப்புதான். ரெண்டு தடவையும் கிக் அடிச்சா கிடைக்கிறது வெறும் ஓவர்டைம், அது காசு சுண்டுற மாதிரி. அதோட 2015-லருந்து அந்த கிக்கே சுமார் 33 யார்டு, அதுவும் உறுதி கிடையாது. தைரியமா இதை செய்யுற கோச்சை நான் ரொம்ப மதிக்கிறேன்.