பாம்பன் சந்திப்பின் அறிவியல் அமர்வு குறித்து

வணக்கம். பாம்பனில் நீங்கள் நடத்தும் அறிவியல் புனைகதை வாசகர் சந்திப்பில், சென்ற ஆண்டு அறிவியல் உரை தொடங்கியதும் பாதி அரங்கு காலியானதால், அந்த அமர்வையே நீக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமர்வை நீக்க வேண்டாம். நீண்ட உரையை மட்டும் நீக்குங்கள்.

அருகிலேயே தூக்குப் பாலம் இருக்கிறது. 1914ஆம் ஆண்டுப் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கையால் இயக்கித் திறந்தார்கள். 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளப் பகுதி 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுகிறது. எதிர் எடைகள் அந்தப் பகுதியின் எடையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுவதால், எஞ்சிய வேறுபாட்டையும் உராய்வையும் மட்டுமே மோட்டார் வெல்ல வேண்டியிருக்கிறது என்பதை, கப்பி, கயிறு, மணல் பைகளைக் கொண்டு சிறுவர்களே இழுத்துப் பார்த்து உணரும்படி செய்யுங்கள்.

பிறகு, கதைகளில் வரும் விண்தூக்கிக்கு, அதாவது பூமியிலிருந்து விண்வெளி வரை நீளும் வடத்தைப் பற்றி ஏறும் தூக்கிக்குச் செல்லுங்கள். அதிலும் எதிர் எடை உண்டு. ஆனால் அது 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள புவிநிலைச் சுற்றுப்பாதைக்கும் (செயற்கைக்கோள் பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றும் பாதை) அப்பால் இருந்துகொண்டு, பூமியுடன் சேர்ந்து சுழல்வதால் வடத்தை விறைப்பாக இழுத்துப் பிடிப்பது. பெயர் ஒன்று, வேலை வேறு. என் அனுபவத்தில் இத்தகைய இடத்தில்தான் கேள்விகள் பெருகும். ஆகவே பேச்சாளருக்குப் பதினைந்து நிமிடம் போதும். மதிய உணவுக்குப் பின் வைக்காமல், காலையில் முதல் அமர்வாக வையுங்கள்.